தினமும் 2009-க்குத் திரும்பும் கணினி

வணக்கம் சார்,
அப்பாவின் பழைய டெஸ்க்டாப்பைக் காலையில் போட்டால் தேதி 2009 ஜனவரி 1 என்று காட்டுகிறது. வங்கித் தளம் திறப்பதில்லை. மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். அப்பாவின் கோயில் கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது. என்ன செய்ய?
— ஒரு வாசகர், தோ பாயோ

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஓரிரு வெள்ளி செலவழித்து உள்ளே இருக்கும் சின்னப் பேட்டரியை மாற்றிப் பாருங்கள், மதர்போர்டை அப்புறம் பார்க்கலாம். கோயில் கணக்கு ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருக்கும். இந்தக் கோளாறு அதைத் தொடாது.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினால் மதர்போர்டில் இருபது காசைவிடக் கொஞ்சம் சிறிய வெள்ளி நிற வில்லை ஒன்று தெரியும். சிஆர்2032 என்று எழுதியிருக்கும்: குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2. கணினிக்கு மின்சாரம் வராதபோது கடிகாரத்தை ஓட்டுவது இந்த 3 வோல்ட் பேட்டரிதான். நொடிக்கு 32,768 தடவை அதிரும் ஒரு படிகம் அங்கே இருக்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று வரும், அதாவது ஒரு நொடி. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் இதெல்லாம் கிடையாது. போடும்போதெல்லாம் தேதியைக் கேட்கும். 1984-இல் வந்த ஏடி மாடலில்தான் பேட்டரியும், கடிகாரத்தோடு அமைப்புகளையும் நினைவில் வைக்கும் 64 பைட் சில்லும் சேர்ந்தன.

பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் பயாஸில் (கணினியைப் போட்டதும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) குறித்துவைத்த பழைய தேதிக்குப் போய்விடும். வங்கியின் பாதுகாப்புச் சான்றிதழ் 2009-இல் பிறக்கவே இல்லையே, பிரவுசர் எப்படி நம்பும்?

சிம் லிம் ஸ்குவேர் வரை போக வேண்டாம், பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். பயாஸ் திரைகளை முதலில் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஓரத்துக் கொக்கியை நகத்தால் தள்ளினால் வில்லை தானே எம்பி வரும். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதியதை அழுத்துங்கள். தேதியைச் சரிசெய்யுங்கள், மற்றவற்றைப் படத்தோடு ஒப்பிடுங்கள். பழையதைக் குழந்தைகள் கையில் விடாதீர்கள். விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும்.

இன்னொன்று. சுவர் சுவிட்ச் போட்டிருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும் கடிகாரத்துக்கு அந்த மின்சாரமே போதும், பேட்டரி அதிகம் செலவாகாது. அப்பா தினமும் இரவில் சுவிட்சை அணைப்பவராக இருந்தால் சீக்கிரம் தீரும். அவரிடம் சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் நான் சொல்லி எடுபடவில்லை.