சாவியைத் திருப்பும் நேரம்

அன்புள்ள மேடம்,

வயது 54, ஆரம்பப் பள்ளி ஆசிரியை. இரண்டு பிரசவம். ரெண்டு வருஷமாகத் தும்மினால், சிரித்தால் சிறுநீர் கசிகிறது. பள்ளி விட்டு வந்து பூட்டில் சாவியைப் போட்டதும் முட்டிக்கொண்டு வருகிறது. ஓடுகிறேன், பாதி நாள் பாத்ரூம் போவதற்குள் புடவை நனைந்துவிடுகிறது. தண்ணீரைக் குறைத்துவிட்டேன். கல்யாணங்களுக்குப் போவதில்லை. எந்நேரமும் பதற்றம். குறைக்க வழி உண்டா?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள சகோதரி,

உண்டு. முதலில் தண்ணீரைத் திரும்பக் குடியுங்கள். குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகி மூத்திரப்பையை உறுத்தும், கொஞ்சம் சேர்ந்ததுமே முட்டும். மலச்சிக்கல் வந்து முக்க ஆரம்பித்தால், மூத்திரப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்பு அடித்தசை இன்னும் தளரும். நாளுக்கு ஒன்றரை லிட்டரிலிருந்து 2 லிட்டர், பிரித்துப் பிரித்து. (இதயம், சிறுநீரகக் கோளாறுக்காக டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அதுவே அளவு.) குறைக்க வேண்டியது காபியும் டீயும்தான்.

சாவிக்கு வருகிறேன். பூட்டைத் திறந்ததும் பாத்ரூம் என்று பல காலம் பழகியதில், சாவிச் சத்தமே மூத்திரப்பைக்கு உத்தரவாகிவிட்டது. முட்டும் உணர்வு அலை மாதிரி ஏறி இறங்கும். உச்சியில் இருக்கும்போது ஓடினால் வயிற்றின் அழுத்தம் முழுக்கப் பையின் மேல் விழுகிறது. அதனால் சாவியைப் போட்ட கையோடு அங்கேயே நில்லுங்கள். காற்றுப் பிரிவதை அடக்குவது போல அந்த அடித்தசையை உள்ளே இழுத்து உடனே விடுங்கள், வேகமாக ஐந்தாறு முறை. தோளை இறக்குங்கள். மூக்கால் 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, வாயால் 6 எண்ணும்வரை விடுங்கள். மனசுக்குள் ஏழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லுங்கள். கவனம் வேறு பக்கம் போனால் அவசரம் தணியும். அலை இறங்கியபின் நடந்து போங்கள். முதல் சில வாரம் தவறும், விட்டுவிடாதீர்கள்.

தும்மலுக்கு வேறு வழி. மூக்கு அரிக்கும்போதே அதே அடித்தசையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். அதற்குத் தசையில் பலம் வேண்டும்: 5 வினாடி இறுக்கி, 5 வினாடி தளர்த்தி, 10 தடவை, நாளுக்கு 3 வேளை. பழகப் பழக 10 வினாடிவரை கூட்டலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றையும் பிட்டத்தையும் சேர்த்து இறுக்குவதால்தான் பலருக்குப் பலன் வருவதில்லை. தளர்த்துவது முழுசாக இருக்கட்டும். பயத்தில் நாள் முழுக்க இறுக்கியே வைத்த தசை களைத்து, தும்மும்போது கைவிட்டுவிடும். சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பழக வேண்டாம். மாற்றம் தெரிய 3 மாதம் ஆகலாம்.

கல்யாணத்துக்குப் போங்கள். மாதவிடாய் நாப்கின் இதற்குத் தாங்காது, ஈரம் மேலேயே நிற்கும். மருந்துக்கடையில் சிறுநீர்க் கசிவுக்கான பேட் என்றே கேளுங்கள். கைப்பையில் இன்னொரு பேட், உள்ளாடை, உள்பாவாடை, நனைந்ததைப் போட ஒரு ஜிப் கவர். மண்டபத்தில் நுழைந்ததும் பாத்ரூம் எங்கே என்று பார்த்துவைத்தால் பாதிப் பதற்றம் அங்கேயே போகும். ஆனால் ‘எதற்கும் ஒரு தடவை’ என்று அரை மணிக்கொரு தரம் போகாதீர்கள். மூத்திரப்பை கொஞ்சமாகச் சேர்வதற்கே பழகிவிடும்.

இது உங்கள் தப்பல்ல, வயதானால் இப்படித்தான் என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதும் அல்ல. மகளிர் நோய் மருத்துவரை ஒருமுறை பாருங்கள். போகும் முன் 3 நாள் எழுதிவையுங்கள்: எப்போது, எவ்வளவு குடித்தீர்கள், எப்போது போனீர்கள், கசிந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். எரிச்சல், ரத்தம் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். சிறுநீர் வராமல் அடைத்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.