டோல்கீன் வேஷம், திருடன் மனசு

கேள்வி: விடுதியில் நாங்கள் ஐந்து பேர் வாராவாரம் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறோம்; ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் அதில் பாத்திரங்களாகிப் பகடை உருட்டும் ஆட்டம். அடுத்த மாதத்திலிருந்து கதை நடத்துவது என் பொறுப்பு. "இதெல்லாம் டோல்கீனிடம் சுட்டது. அவர் எழுதிய 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலின் மூன்று பாகத்தையும் படிக்காமல் நீ என்னத்தை நடத்தப்போகிறாய்?" என்கிறான் அறை நண்பன். பரீட்சை வேறு வருகிறது. படித்தே ஆகவேண்டுமா?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: தம்பி, முதலில் பரீட்சைக்குப் படியுங்கள்.

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய இந்த ஆட்டம் அமெரிக்காவின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. ஒரு பெட்டி, அதற்குள் மூன்று சின்னப் புத்தகங்கள், விலை 10 டாலர். முதலில் அச்சிட்டது 1000 பிரதிகள்தான். அதில் டோல்கீன் படைத்த குட்டை மனிதரான ஹாபிட், நெருப்பு அரக்கனான பால்ராக் எல்லாம் சொந்தப் பெயரிலேயே இருந்தார்கள். பிறகு டோல்கீன் கதைகளின் உரிமைக்காரர்கள் ஆட்சேபிக்கவே, ஹாபிட் 'ஹாஃப்லிங்' ஆனார். பெயர்தான் மாறியது, ஆள் அதே ஆள்.

சரி, ஆட்டத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? விளக்கைப் பிடித்துக்கொண்டு பாதாள அறைக்குள் இறங்கி, எதிர்ப்பட்டதை அடித்துப்போட்டு, தங்கத்தை மூட்டை கட்டுகிறீர்கள். பழைய விதிப்படி ஒரு பொற்காசுக்கு ஒரு அனுபவப் புள்ளி; புள்ளி சேரச் சேரப் பாத்திரத்தின் பலம் கூடும். டோல்கீனின் நாயகன் ஃப்ரோடோ தீய மோதிரத்தை அழிக்கப் போனவர்; இந்தக் கணக்கில் அவருக்கு ஒரு புள்ளிகூடத் தேறாது. இந்தக் காசாசை பிடித்த நாயகர்கள் மட்டக் காகிதத்தில் அச்சான அமெரிக்கக் கதைப் பத்திரிகைகளின் பிள்ளைகள். ராபர்ட் இ. ஹோவர்டின் வாள்வீரன் கோனன் அப்படி 1932இல் வந்தவன். ஃப்ரிட்ஸ் லைபரின் ஃபாஃபர்ட், கிரே மவுசர் என்ற திருட்டு ஜோடி 1939இல் வந்தது. இதற்குச் சாட்சி கைகாக்ஸே. 1979இல் இந்த ஆட்டத்தை நடத்துபவர்களுக்காக எழுதிய கையேட்டின் பின்னிணைப்பில் தன்னைப் பாதித்த எழுத்தாளர்களைப் பட்டியல் போட்டார். டோல்கீன் பெயரும் அதில் உண்டு. ஆனால் மிக நேரடியாகப் பாதித்தவர்கள் என்று தனியாகச் சொன்ன ஆறேழு பேரில் அவர் இல்லை. ஹோவர்ட், லைபர், ஜாக் வான்ஸ், லவ்கிராஃப்ட் இருக்கிறார்கள்.

அந்த வான்ஸ்தான் எனக்குப் பிடித்தவர். பழைய விதிகளில் மந்திரவாதி காலையில் மந்திரத்தை மனப்பாடம் செய்து, ஒருமுறை ஏவியதும் மறந்துவிடுவாரே, அது 1950இல் வந்த 'த டையிங் எர்த்' நூலிலிருந்து எடுத்தது. நாகாஸ்திரத்தை ஒருமுறைக்கு மேல் விடமாட்டேன் என்று கர்ணன் குந்திக்குக் கொடுத்த வாக்கை நினைத்துக்கொள்ளுங்கள். எப்போது விடுவது என்பதில்தான் மொத்தப் பதற்றமும் இருக்கிறது. வெட்டினாலும் மறுபடி ஒட்டிக்கொள்ளும், நெருப்பில் போட்டால்தான் சாகும் டிரோல் என்ற பூதம்கூட டோல்கீனுடையது அல்ல. போல் ஆண்டர்சனின் நாவல் ஒன்றிலிருந்து வந்தது.

எல்லாமே இலக்கியத்திலிருந்து வந்தது என்றும் நினைக்க வேண்டாம். ஆட்டத்தில் இரும்பைத் துருவாக்கித் தின்னும் ஒரு ஜந்து உண்டு; அது கைகாக்ஸ் வாங்கிய மலிவு பிளாஸ்டிக் பொம்மைகளில் ஒன்று! 1977இல் இந்த ஆட்டத்துக்காக வந்த அசுரர் தொகுப்பு நூலில் நம் ராட்சசனும் இருக்கிறான், புலித்தலையும் வாயில் சுங்கானுமாக. மந்திரித்த அம்பு பட்டால் செத்துவிடுவான். ராமாயணத்திலிருந்து எடுத்தார்கள் என்று மகிழாதீர்கள். ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேய்த்தொடரைப் பார்த்து எழுதியது அது. ராவணன் கேள்விப்பட்டால் பத்துத் தலையிலும் அடித்துக்கொள்வான்.

ஆக, மூன்று பாகமும் இப்போது வேண்டாம். விடுமுறையில் ஆசைக்குப் படியுங்கள், அது வேறு சுகம். இந்த மாதத்துக்கு லைபரின் சிறுகதை ஒன்று, வான்ஸின் அந்த மெல்லிய புத்தகம், இரண்டும் போதும். அப்புறம், ஆயிரம் வருட ராஜவம்சக் கதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பிக்காதீர்கள், கேட்க ஆளிருக்காது. ஒரு பாழடைந்த கோபுரம், உள்ளே புதையல் இருப்பதாக ஒரு வதந்தி, அதே வதந்தியைக் கேட்ட இன்னொரு கும்பல். முதல் இரவுக்கு இது தாங்கும்.

நண்பரையும் ஆறாவது ஆளாக உட்கார வையுங்கள். ஹாஃப்லிங்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பார். கொடுத்துவிடுங்கள்.