பழைய அரசு வலைப்பக்கம் சான்றாகுமா?

கேள்வி: இராமநாதபுரம் மாவட்ட விசைப்படகுகளின் மீன்பிடித் தடைக்காலம் குறித்து ஆய்வேடு எழுதி வருகிறேன். அரசு வலைத்தளங்களில் இன்றைய 61 நாள் விவரமே கிடைக்கிறது. 45 நாளாக இருந்த காலத்துப் பக்கங்களை வலைப்பக்கங்களின் பழைய படிகளைச் சேமித்து வைக்கும் இணையக் கருவியான வேபேக் மெஷினில் தேடி எடுத்துச் சான்றாகக் காட்டலாமா?
- வாசகர், மண்டபம்

பதில்: காட்டலாம், ஆனால் எதற்குச் சான்று என்பதில் தெளிவு வேண்டும். பழைய படியானது அந்த நாளில் அரசின் வலைத்தளம் என்ன சொல்லியது என்பதற்குத்தான் சான்று. கடலில் எந்த விதி நடப்பில் இருந்தது என்பதற்கு அன்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் மே 29 வரை இருந்த தடை, 2017இல் ஜூன் 14 வரை நீட்டிக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டுப் படியொன்றில் 45 நாள் என்றே இருக்குமானால், பக்கத்தை யாரும் திருத்தவில்லை என்று கொள்ள வேண்டுமேயன்றி, அவ்வாண்டு பாம்பன் விசைப்படகுகள் மே மாத இறுதியிலேயே கடலுக்குச் சென்றன என்று எழுதிவிடக் கூடாது. விதிக்கு அரசாணையும் அரசிதழுமே மூலம். அரசாணையின் எண்ணும் நாளும் பழைய பக்கத்தில் இருந்தால், அதுவே உங்களுக்குப் பெரிய லாபம்.

தேடும்போது இன்றைய முகவரியோடு நின்றுவிடாதீர்கள். மாவட்டத் தளமே முன்பு ‘ராம்நாட்’ என்று தொடங்கும் வேறொரு முகவரியில் இருந்தது. இத்தகைய பழைய முகவரிகள் அக்கால ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளில் அகப்படும். தமிழ்ப் பக்கங்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. 2010இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்பதற்கு முன், டாம், டாப் முதலிய குறியாக்கங்களில் ஏற்றப்பட்ட பக்கங்கள் இன்று திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். பக்கம் பழுதாகிவிட்டது என்று மூடிவிடாமல், அந்த வரிகளை எழுத்துரு மாற்றியில் இட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நல்ல தமிழாகவே வெளிவரும்.

படியின் முகவரியில் உள்ள 14 இலக்கங்கள், அது எடுக்கப்பட்ட ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி ஆகியவற்றை உலகப் பொது நேரத்தில் காட்டுகின்றன. இரவு 8 மணிப் படி, நமக்கு மறுநாள் அதிகாலை 1.30 மணிப் படியாகும். அடிக்குறிப்பில் மூல முகவரியையும் இந்த நாளையும் சேர்த்தே தர வேண்டும். பக்கத்திலுள்ள படங்கள் வேறொரு நாளில் எடுக்கப்பட்டவையாக இருக்கலாம் என்பதால், அவற்றின் நாளைத் தனியே சரிபாருங்கள்.

படி கிடைக்கவில்லை என்பதாலேயே அப்படியொரு பக்கம் இருந்ததில்லை என்று முடிவுகட்ட இயலாது. படிவத்தை நிரப்பித் தேடிப் பெறும் தகவல்களை அந்தக் கருவி பெரும்பாலும் சேமிப்பதில்லை. அதன் சேமிப்பு தொடங்கிய 1996க்கு முந்தைய செய்திகளுக்கோ, எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குத்தான் செல்ல வேண்டும்.