பெயர் சொல்லித் தகவல் கேட்கும் புதிய இணையத்தில் அந்தரங்கம் எப்படிக் கசிகிறது?

இன்றைய இணையம் முகவரியை வைத்துக் கணினியைத் தேடுகிறது. அமெரிக்காவில் 2010இல் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கிய ‘பெயரிட்ட தரவு வலையமைப்பு’ தகவலையே பெயர் சொல்லிக் கேட்கிறது. கேட்டதன் நகலை வழியில் தகவலைக் கடத்திவிடும் கருவியான ரவுட்டர் சிறிது நேரம் வைத்திருப்பதால், அடுத்துக் கேட்பவருக்கு அது விரைவாகக் கிடைக்கிறது, ஆபத்தும் அங்கேதான்.

கல்லணைக்குக் கீழே, வெடித்துக் கிடக்கும் வாய்க்காலில் மண் குடித்தது போக ஊர்ந்து வரும் தண்ணீர், மடையைத் திறந்ததுமே பாய்ந்து வந்தால், சற்று முன்புதான் பக்கத்து வயலுக்குப் பாய்ந்திருக்கிறது என்று விவசாயி சொல்லிவிடுவார். அதுபோல, ஒரு நோய் பற்றிய பக்கம் வழக்கத்தைவிட விரைவாக வந்தால், அதே ரவுட்டரில் இருக்கும் யாரோ அண்மையில் அதைக் கேட்டிருக்கிறார் என்று ஊகிக்கலாம்; நாலைந்து வீடுகளே அந்த ரவுட்டரைப் பகிரும்போது அந்த ‘யாரோ’ யாரென்று அறிவது கடினமல்ல என்பதே என் கவலை.

இந்த வலையமைப்பில் செல்லும் கோரிக்கையில் அனுப்புநர் முகவரி இல்லாததால் எதுவும் தெரியாது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் கேட்ட பெயரை மறைக்காதவரை வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் அதைப் படிக்க முடியும்.