டிகிரி படிக்கலாம் தங்கச்சி, முன்பணம் கட்டுவதை மட்டும் தள்ளிப்போடுங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன் அக்கா. வயது 39. நான்கு வருஷ நர்ஸிங் டிப்ளமோ முடித்து, எலும்பு முறிவு வார்டில் வேலை பார்க்கிறேன். பாதி நாள் நைட் டியூட்டி. டிகிரி இல்லையே என்ற குறை மனதில் இருந்துகொண்டே இருக்கிறது. டெக்ஸாஸில் இருக்கும் நாத்தனார் மகள், "அமெரிக்காவில் வேலை பார்க்கும் நர்ஸுகள் ஒரே வருஷத்தில் ஆன்லைனில் பி.எஸ்.என். என்ற நர்ஸிங் டிகிரி வாங்கிவிடுகிறார்கள், நீங்களும் சேருங்கள்" என்கிறாள். இங்கே ஒரு தனியார் கல்லூரி வாட்ஸ்அப்பில் விளம்பரம் அனுப்பி, இந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறது. எனக்குக் கட்டுரை எழுத வராது, கணக்கு என்றால் பயம். என்ன பாடங்கள் இருக்கும்? என்னால் முடியுமா? மேட்ரனிடம் இப்போதே சொல்ல வேண்டுமா?

பதில்: முதலில் டெக்ஸாஸ் கதையை முடித்துவிடுவோம். உங்கள் நாத்தனார் மகள் சொன்னது பொய் இல்லை, ஆனால் அது அவளுக்குப் பொருந்தும், உங்களுக்குப் பொருந்தாது. அமெரிக்காவில் இரண்டு வருஷ அசோசியேட் டிகிரி முடித்தவரும் நான்கு வருஷ டிகிரி முடித்தவரும் எழுதுவது என்கிளெக்ஸ் என்ற ஒரே லைசென்ஸ் தேர்வுதான். பாஸானால் இருவருமே ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற நர்ஸ். அப்படி டிகிரி இல்லாமல் வேலைக்கு வந்தவர்கள் மீதிப் படிப்பை முடிக்கவே இந்த ஆர்.என்.-பி.எஸ்.என். படிப்பு. 2020க்குள் 80 சதவீத நர்ஸுகள் டிகிரி வைத்திருக்க வேண்டும் என்று அங்கே 2010ல் ஓர் அறிக்கை வந்தது. நியூயார்க் மாநிலம் 2017ல் சட்டமே போட்டது: புதிதாக லைசென்ஸ் வாங்குகிறவர்கள் 10 வருஷத்துக்குள் டிகிரி முடித்தாக வேண்டும். கல்லூரிகளும் போட்டி போட்டுக்கொண்டு ஆன்லைனில் நடத்துகின்றன. ஒரு வருஷத்தில் முடிகிறது என்றால், முன்னால் படித்ததற்கெல்லாம் கிரெடிட் (படிப்பை அளக்கும் அலகு) கொடுத்து மிச்சத்தை மட்டும் படிக்க வைப்பதால்தான். இதில் சேர, பெரும்பாலான இடங்களில், அமெரிக்க மாநிலம் ஒன்றின் நர்ஸ் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். சாட்ஸ்வர்த்தில் உட்கார்ந்துகொண்டு அது நடக்காது. நாளைக்கு அங்கே குடியேறும் எண்ணம் இருந்தால் என்கிளெக்ஸை முதலில் பாருங்கள், டிகிரியை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி நம் ஊர் நிலவரம். உங்களுடையது ஆர்.425 என்ற பழைய நர்ஸிங் விதிப்படி படித்த டிப்ளமோ என்று நினைக்கிறேன். பொது, மனநலம், சமுதாய நலம், பிரசவம் நான்கும் சேர்ந்தது அது. அந்த மாதிரிப் பழைய படிப்புகளுக்குப் புதிய சேர்க்கை 2019 முடிவோடு நின்றுவிட்டது. ஏற்கெனவே நர்ஸாக இருப்பவர்கள் வேலை பார்த்துக்கொண்டே மேலே படித்த பழைய பட்டப்படிப்புகளும் அதோடு போயின. உங்கள் சீனியர் சிஸ்டர்கள் தபாலில் படித்து டிகிரி வாங்கியது அந்த வழியில். அந்தக் கதவு இப்போது இல்லை. இதைத் தெரியாமல்தான் பலர் விளம்பரத்தில் "டிகிரி" என்ற சொல்லைப் பார்த்ததும் பணம் கட்டிவிடுகிறார்கள்.

இப்போதுள்ள ஏணி இது. டிப்ளமோ, தேசியத் தகுதி வரிசையில் 6ஆம் படி. ஒரு வருஷ அட்வான்ஸ்டு டிப்ளமோ 7ஆம் படி, 120 கிரெடிட். சாதாரண மூன்று வருஷ பி.ஏ.வும் அதே 7ஆம் படியில்தான் இருக்கிறது. அதற்கு மேல் போஸ்ட் கிராஜுவேட் டிப்ளமோ 8ஆம் படி, அதுவும் 120 கிரெடிட். நான்கு வருஷ நர்ஸிங் பட்டம் 480 கிரெடிட், அதுவும் 8ஆம் படி. பட்டம்தான் வேண்டும் என்று நீங்கள் நின்றால், முன்பு படித்ததற்குக் கிரெடிட் கேட்கலாம், ஆனால் முடித்த ஒரு படிப்பிலிருந்து பாதிக்கு மேல் தரமாட்டார்கள். மீதிக்கு 18 வயதுப் பிள்ளைகளோடு வகுப்பில் உட்கார்ந்து, பெட் மேக்கிங்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் அது வீண் வேலை. பிரசவம் வரைக்கும் எல்லாப் பதிவும் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அட்வான்ஸ்டு டிப்ளமோ, அப்புறம் எலும்பு முறிவு நர்ஸிங்கிலேயே போஸ்ட் கிராஜுவேட் டிப்ளமோ. உங்கள் வயதுக்கும் வார்டுக்கும் பொருந்துவது இதுதான். சில பல்கலைக்கழகங்கள் அனுபவத்தைக் கணக்கில் எடுத்து நேரே 8ஆம் படிக்கே எடுக்கும். கேட்டுப் பாருங்கள், கேட்காமல் யாரும் சொல்லமாட்டார்கள். சம்பளத்துக்கும் இதுதான் வழி. அரசு நர்ஸுகளுக்கு 2007ல் வந்த ஓ.எஸ்.டி. சம்பள முறையில் ஸ்பெஷாலிட்டி பிரிவுக்குப் போக, நர்ஸிங் கவுன்சில் அங்கீகரித்த ஒரு வருஷ ஸ்பெஷாலிட்டி படிப்பு வேண்டும். வெறும் டிகிரிக்காகத் தனியாகப் பணம் ஏறாது.

சரி, பாடங்கள். எந்த வழியில் போனாலும், இங்கே ஆனாலும் அமெரிக்காவில் ஆனாலும், மேல்படிப்பின் உள்ளடக்கம் ஏறக்குறைய ஒன்றுதான்: ஆய்வு முறை, புள்ளியியல், சமுதாய நலம், வார்டு நிர்வாகம், தொழில் அறமும் சட்டமும், நோயாளியை முழுமையாகப் பரிசோதிக்கும் முறை, நோய்க்கூறு, மருந்தியல். ஊசி போடவும் கட்டுப் போடவும் யாரும் மறுபடி சொல்லித்தரமாட்டார்கள். நீங்கள் தினமும் செய்வதை "ஏன் செய்கிறாய், என்ன ஆதாரம்" என்று கேட்டு எழுத வைப்பார்கள். நான் பல வருஷம் நர்ஸிங் டியூட்டராக இருந்தேன். திறமையான சிஸ்டர்கள் தடுமாறும் இடம் இதுதான். அவர்களுக்குக் கைக்குத் தெரியும், காகிதத்துக்கு வராது.

உங்கள் வார்டையே எடுத்துக்கொள்வோம். இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கும் பாட்டிக்குப் படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள். அசைன்மென்டில் "படுக்கைப்புண் வராமல் காப்பது நர்ஸின் கடமை" என்று எழுதினால் பாதி மார்க்தான். கேள்வியை இப்படி உடைக்க வேண்டும். யார் நோயாளி: 65 வயதைக் கடந்த, இடுப்பு எலும்பு முறிந்தவர்கள். என்ன செய்கிறோம்: காற்று மெத்தை போட்டு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது. எதோடு ஒப்பிடுகிறோம்: சாதா மெத்தையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. எதை அளக்கிறோம்: புதிதாகப் புண் வந்ததா இல்லையா. இந்த நான்கு பகுதிக் கேள்விக்குப் பீகோ என்று பெயர். இப்படிக் கேட்டால்தான் தேடுகிற இடத்தில் கட்டுரை அகப்படும். வெறுமனே "படுக்கைப்புண்" என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டி, நைட் டியூட்டி முடித்த தலை இன்னும் கனக்கும்.

அடுத்து, புண் வரும் ஆபத்தை அளப்பது. பிரேடன் அளவுகோல் உங்கள் ஃபைலில் இருக்கக்கூடும். உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, சாப்பாடு, உராய்வு என்று ஆறு தலைப்பு. மொத்தம் 6 முதல் 23 வரை, எண் குறையக் குறைய ஆபத்து அதிகம். வார்டில் எண்ணை மட்டும் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவோம். படிப்பில் கேட்பது வேறு: இவருக்கு 13, அந்த 13ல் எந்தத் தலைப்பு இழுத்துவிட்டது? ஈரம் என்றால் டயபரை மாற்றும் நேரத்தைத் திருத்த வேண்டும், சாப்பாடு என்றால் டயட்டீஷியனைக் கூப்பிட வேண்டும். ஒரே 13, இரண்டு வெவ்வேறு திட்டம். இதை எழுதத் தெரிந்துவிட்டால் கேர் பிளான் பாடத்தில் உங்களை யாரும் அசைக்க முடியாது. ஆங்கிலம் அலங்காரமாக இருக்க வேண்டியதில்லை. ஷிஃப்ட் கைமாற்றும்போது ரிப்போர்ட் சொல்கிறீர்களே, அந்தச் சுருக்கமான வாக்கியமே போதும். அதன் பின்னால் ஒரு "ஏனென்றால்", அதன் பின்னால் ஓர் ஆதாரம். ஆதாரத்துக்கு 'குரேஷனிஸ்' என்ற நர்ஸிங் ஆய்விதழ் இணையத்தில் இலவசம். நம் நாட்டு வார்டுகளைப் பற்றியே எழுதுகிறார்கள். தினம் ஒரு கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படித்து வாருங்கள். இப்போது பலர் கம்ப்யூட்டரையே எழுதச் சொல்லி ஒப்படைக்கிறார்கள். அது இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயரும் வருஷமும் போட்டுக் கொடுக்கும், டியூட்டர் தேடிப் பார்த்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

கணக்குப் பயத்துக்கு வருகிறேன். நர்ஸிங்கில் வரும் புள்ளியியல் பெரும்பாலும் எண்களைப் படித்துப் பொருள் சொல்வதுதான், சூத்திரம் மனப்பாடம் செய்வது குறைவு. ஐந்து பேரின் காலைச் சர்க்கரை, நாம் இங்கே அளக்கும் மில்லிமோல் கணக்கில், 5, 6, 6, 7, 26 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 50, ஐந்தால் வகுத்தால் சராசரி 10. அதை மட்டும் பார்க்கிறவர் "வார்டு முழுக்கச் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது" என்பார். வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால் இடைநிலை 6. நான்கு பேர் நன்றாக இருக்கிறார்கள், ஒருவர்தான் அவசரம். அந்த 26 யார் என்று கேட்க உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், நீங்கள் ஏற்கெனவே அவர் கட்டிலுக்கு நடந்திருப்பீர்கள். ட்ரிப் சொட்டு எண்ணிக்கையும் குழந்தைக்கு எடைப்படி மருந்தும் நடுராத்திரியில் கணக்குப் போடுகிறவருக்கு இது பெரிய விஷயமே இல்லை. மெட்ரிக்கில் கணக்கு வாத்தியார் காட்டிய பயம் அது. நாற்பது வயதில் அதற்கு வேலை இல்லை.

நிஜமான கஷ்டம் நேரம். ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேர உழைப்பு என்று கணக்கு. 120 கிரெடிட்டுக்கு 1200 மணி. 40 வாரத்தில் முடிக்க வாரம் 30 மணி, வார்டுப் பயிற்சியும் அதற்குள். ஏழு முதல் ஏழு வரை 12 மணி நேர ஷிஃப்ட் பார்த்துக்கொண்டு இது முடியாது என்று நேரடியாகவே சொல்கிறேன். இரண்டு வருஷமாகப் பரப்பினால் வாரம் 15 மணி, அது முடியும். பகுதிநேரமாக இரண்டு வருஷம் தரும் இடமாகப் பாருங்கள். நைட் டியூட்டி முடிந்த காலையில் எழுத உட்காராதீர்கள், ஆஃப் நாளில் எழுதுங்கள். அக்டோபர், நவம்பர் பரீட்சைக்குத் தயாராகும்போது புரட்டாசி விரதமும் வந்து சேரும். வீட்டில் தனிச் சமையல், சனிக்கிழமை பூஜை எல்லாவற்றையும் நீங்களே தலையில் போட்டுக்கொள்ளாமல், மாமியாரிடமும் வீட்டுக்காரரிடமும் இப்போதே பிரித்துக் கொடுங்கள்.

அந்த வாட்ஸ்அப் கல்லூரிக்குப் பணம் கட்டாதீர்கள். நல்ல இடமாகவே இருக்கலாம், ஆனால் "இந்த மாதத்துக்குள்" என்று அவசரப்படுத்துகிறவரிடம் அவசரப்படக் கூடாது. அங்கீகாரம் இல்லாத கல்லூரிகள் பற்றி நர்ஸிங் கவுன்சிலே பலமுறை எச்சரித்திருக்கிறது. கவுன்சிலின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையங்களின் பட்டியல் உண்டு. கல்லூரிப் பெயர் இருந்தால் போதாது, நீங்கள் சேரப்போகும் அதே படிப்பின் பெயரும் இருக்க வேண்டும். உயர்கல்விக் கவுன்சிலின் அங்கீகாரம் தனியாக வேண்டும். தனியார் என்றால் உயர்கல்வித் துறையில் பதிவும் வேண்டும். மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தயங்கினால் போனை வைத்துவிடுங்கள்.

பணத்துக்கு: மாகாண சுகாதாரத் துறையின் பர்சரி (படிப்பு உதவித்தொகை) இருக்கிறது, படித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு வருஷம் அவர்களிடமே வேலை பார்க்க வேண்டும் என்ற மாதிரி நிபந்தனையோடு. கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படியுங்கள். சுகாதார, நலத்துறைப் பயிற்சி அமைப்பான ஹெச்.டபிள்யூ.சீட்டாவும் பர்சரி தருகிறது.

மேட்ரனிடம் எப்போது சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். விண்ணப்பிக்கும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வார்டுப் பயிற்சி மணிகளுக்கு ராஸ்டர் (டியூட்டி அட்டவணை) மாற வேண்டும், படிப்பு விடுப்பு பட்டியலில் உங்கள் பெயர் முன்கூட்டியே ஏற வேண்டும், ஸ்பெஷாலிட்டி படிப்புக்கு அந்தப் பிரிவில் வேலை பார்த்த அனுபவச் சான்றை அவர்தான் தருவார். வார்டு அமைதியாக இருக்கும் ஒரு மதியம் போய் வாயால் சொல்லிவிட்டு, அன்றைக்கே ஒரு கடிதமும் கொடுங்கள். அதன் நகலில் அவர் கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருஷம் ராஸ்டர் போடுகிறவர் வேறு ஆளாக இருக்கலாம்.