மூடிக் கிடக்கும் மில்லில் கல்நார்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அம்பாசமுத்திரம் பக்கம் பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய மில்லைப் பிரிக்கப் போகிறார்கள். அதை ஒட்டி வந்த கேள்விகள் இவை. கல்நார் என்றால் ஆஸ்பெஸ்டாஸ்தான், மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார். ஒரு நூற்பு மில்லின் பாய்லர் அறையில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

மில் கூரை முழுக்க ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அடுத்த தெருவில் எங்கள் வீடு. பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருக்கலாமா, அண்ணாச்சி? (கல்லிடைக்குறிச்சி)

இருக்கலாம். ஷீட்டில் பெரும்பகுதி சிமெண்ட்தான். கல்நார் பத்தில் ஒரு பங்கு போல இருக்கும், அதையும் சிமெண்ட் இறுக்கிப் பிடித்திருக்கும். உடைத்தால், அறுத்தால், துளை போட்டால்தான் நார் காற்றில் ஏறும். ஆனால் மில் வளாகத்தில் உடைந்த துண்டுகள் கிடக்கின்றன, பையன்கள் அங்கே கிரிக்கெட் விளையாடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

ஷீட் இறக்கும் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மேலேயிருந்து தள்ளிவிட்டால் ஒரே நாளில் முடியும் என்கிறார் காண்ட்ராக்டர். (முக்கூடல்)

தம்பி, அப்படிச் செய்ய ஒத்துக்கொள்ளாதீர்கள். முதல் ஆபத்து நார்கூட இல்லை. மக்கிய ஷீட்டில் கால் வைத்தால் உடைந்து கீழே விழுவீர்கள். சாரம் கட்டி அடியிலிருந்து வேலை பாருங்கள். மேலே ஏறித்தான் ஆகவேண்டும் என்றால் பலகை போட்டு, இடுப்பில் பெல்ட் மாட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் தண்ணீர். வயலுக்கு மருந்தடிக்கும் தெளிப்பான் மாதிரி ஒன்றைப் புதிதாக வாங்கி, தண்ணீரில் கொஞ்சம் சோப்புத் திரவம் கலந்து நன்றாக நனையுங்கள். சோப்பு இருந்தால்தான் தண்ணீர் நாருக்குள் இறங்கும். பீச்சியடிக்கும் மோட்டார் வேண்டாம், அது மேல்பரப்பையே பிய்த்துவிடும். ஷீட்டைப் பிடித்திருக்கும் துருப்பிடித்த ஜே போல்ட்டை (கொக்கி போல வளைந்த ஆணி) வெட்டுகருவியால் வெட்டுங்கள், கிரைண்டரை ஷீட் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஒவ்வொரு ஷீட்டையும் முழுசாகக் கைமாற்றி இறக்கி, கெட்டியான பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றி டேப் ஒட்டுங்கள்.

ஆனி, ஆடியில் இந்த வேலையே வேண்டாம். செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று நம்மைச் சும்மா விடுமா? ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின், காற்று அடங்கிய காலை நேரம்தான் சரி.

முகத்தில் துண்டு கட்டினால் போதாதா? (பேட்டை)

போதாது. கண்ணுக்கே தெரியாத நார் துணியைத் தாண்டிப் போய்விடும். முகத்தோடு ஒட்டி உட்காரும், நுண்தூசியைத் தடுக்கும் பி100 வகை வடிகட்டி முகமூடி வேண்டும். தாடி இருந்தால் அதுவும் சரியாக உட்காராது.

பாய்லர் குழாயில் சாக்கு சுற்றி, உள்ளே வெள்ளையாக மாவு மாதிரி இருக்கிறது. பழைய இரும்புக் கடைக்காரர் அதை உரித்துவிட்டுக் குழாயை மட்டும் கேட்கிறார். (சேரன்மகாதேவி)

தயவுசெய்து தொடாதீர்கள். கூரை ஷீட்டைப் பற்றி நான் சொன்னது எதுவும் இதற்குப் பொருந்தாது. நீராவிக் குழாய்க்குச் சூடு காக்கப் பூசிய அந்தக் காலத்துப் பூச்சில் கல்நார் கலப்பது வழக்கம். அதைப் பிடித்துவைக்கச் சிமெண்ட் கிடையாது. விரலால் நசுக்கினாலே தூளாகும். பாய்லர் கதவின் கயிறு, குழாய் மூட்டுகளில் கசிவை அடைக்கும் கேஸ்கெட், இவற்றிலும் கல்நார் இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே பூச்சை வெறுங்கையால் உடைத்து, விளக்குமாறு போட்டுக் கூட்டியிருக்கிறேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த உடுப்போடு வீட்டுக்குப் போனேன், வீட்டில்தான் துவைத்தார்கள். கணவரின் வேலை உடுப்பை உதறித் துவைத்த பெண்களுக்கே கல்நாரால் வரும் நோய் வந்திருக்கிறது என்று பின்னாளில் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை.

பார்த்து மட்டும் கல்நாரா இல்லையா என்று சொல்ல முடியாது, ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும். அதுவரை அறையைப் பூட்டி, எச்சரிக்கை எழுதி ஒட்டுங்கள். அகற்றுவது இதற்கென்றே பயிற்சி பெற்றவர்களின் வேலை.

உடைந்த ஷீட்டை வாய்க்கால் கரைக்குப் போட்டுக்கொள்ளலாமா? (வீரவநல்லூர்)

கூடாது. டிராக்டர் ஏறி ஏறிப் பொடியாக்கும். எரித்தாலும் போகாது, கல்நார் எரியாத பொருள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தாகக் கொடுத்து, அனுமதி பெற்ற அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்பவேண்டும். கும்மிடிப்பூண்டியில் ஒன்று இருக்கிறது. செலவு மில்லை வாங்கியவருடையது, ஊர்க்காரருடையது அல்ல.

என் வீட்டுக்காரர் 1980களில் மில் பாய்லரில் இருந்தார். இப்போது படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. அதனாலாக இருக்குமா? (விக்கிரமசிங்கபுரம்)

இருக்கலாம் அக்கா. இந்த நோய்கள் 20, 30, 40 வருஷம் கழித்துத்தான் தலைகாட்டும். வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். நுரையீரல் மருத்துவரிடம் போய், முதல் வாக்கியமாகவே அவர் பார்த்த வேலையைச் சொல்லுங்கள். பலரும் அதைச் சொல்வதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை. எக்ஸ்ரேயும் மூச்சுத்திறன் சோதனையும் எடுப்பார்கள். பீடி பிடிக்கிறவர் என்றால் இன்றே விடச் சொல்லுங்கள், கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்புப் பல மடங்கு ஏறும்.

கல்நாரால் நுரையீரல் தழும்பேறி இறுகும் ஆஸ்பெஸ்டோசிஸ் சட்டப்படி தொழில்நோய், அதற்கு இழப்பீடு கேட்கலாம். கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டை 40 வருஷம் வரையாவது காக்கவேண்டும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பழைய இ.எஸ்.ஐ. அட்டை, சம்பளச் சீட்டு, எதுவாக இருந்தாலும் பெட்டியைத் தேடி எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது கூடவே கொண்டுபோங்கள்.