வேதியியல் தேர்வில் பதற்றமில்லாமல் நன்றாக எழுதுவது எப்படி?

பிளஸ் டூ வேதியியல் வினாத்தாளைக் கையில் வாங்கியதும் படித்தவை எல்லாம் மறந்துவிடுகின்றன, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்துபவன், விடைத்தாள் திருத்தும் பணிக்கும் செல்பவன் என்ற முறையில் பதிலளிக்கிறேன்.

பதற்றத்தில் முதலில் நழுவுவது வரி மாறாமல் மனப்பாடம் செய்தவைதாம். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை வருவித்துப் பழகிய பகுதி அவ்வளவு எளிதில் கைவிடுவதில்லை. வேதியியலில் அவ்வாறு வருவித்துக்கொள்ளக்கூடியவை மாணவர்கள் எண்ணுவதைவிட அதிகம்.

வேதிவினை வேகவியலில் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கணக்கைப் பாருங்கள். முதல் வகை வினையொன்று 99.9 சதவீதம் நிறைவடைய ஆகும் நேரம், அதன் அரைவாழ் காலத்தைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு எனக் காட்ட வேண்டும். மீதமிருப்பது 0.1 சதவீதம் என்பதால், தொடக்கச் செறிவுக்கும் எஞ்சிய செறிவுக்கும் உள்ள விகிதம் 1000, அதன் மடக்கை 3, அதை 2.303ஆல் பெருக்கினால் 6.909. அரைவாழ் காலத்துக்குரிய 0.693ஆல் இதை வகுத்தால் 9.97 வருகிறது. அந்த 0.693 நினைவுக்கு வரவில்லையென்றாலும் கவலையில்லை; 2இன் மடக்கையான 0.3010ஐ 2.303ஆல் பெருக்கினால் அது கிடைத்துவிடும். வாய்பாடே இல்லாமலும் விடையைச் சரிபார்க்கலாம்: ஒரு பொருளைப் பத்து முறை பாதியாக்கினால் எஞ்சுவது 1024இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 0.1 சதவீதம். இரண்டு வழியிலும் ஒரே விடை வருவதைக் கண்ணால் பார்த்த மாணவருக்கு வேறு ஆறுதல் தேவைப்படுவதில்லை.

கரிம வேதியியலில் ஏ, பி, சி ஆகிய சேர்மங்களைக் கண்டறியச் சொல்லும் வினாக்களில் பலர் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறார்கள். இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் கொண்ட ஏ ஆக்சிஜனேற்றமடைந்து பி ஆகிறது, பி டாலன்ஸ் வினைக்காரணியை ஒடுக்குகிறது, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடுடன் வினைபுரிந்து சி தருகிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே டாலன்ஸ் என்ற சொல்லிலிருந்து தொடங்குவதே நல்லது. அந்த வினைக்காரணியை ஒடுக்குவது ஆல்டிஹைடின் அடையாளம் என்பதால் பி ஓர் ஆல்டிஹைடு. இரண்டு கார்பன் உள்ளதால் அசிட்டால்டிஹைடு. ஆகவே ஏ எத்தனால்தான். அதே மூலக்கூறு வாய்பாடு கொண்ட டைமெத்தில் ஈதர் இவ்வாறு ஆல்டிஹைடாக மாறாது. பியில் ஆல்ஃபா ஹைட்ரஜன், அதாவது ஆல்டிஹைடு தொகுதிக்கு அடுத்த கார்பனில் ஹைட்ரஜன், இருப்பதால் நீர்த்த காரத்தில் ஆல்டால் குறுக்கம் நடந்து, 3-ஹைட்ராக்சிபியூட்டனல் சியாகக் கிடைக்கிறது. ஆல்ஃபா ஹைட்ரஜன் இல்லாத ஃபார்மால்டிஹைடையும் அடர் காரத்தையும் கொடுத்திருந்தால் கன்னிசரோ வினையை நினைக்க வேண்டும். பிடி கிடைத்த இடத்திலிருந்து முன்னும் பின்னும் நகரப் பழகினால், வினா எவ்வளவு நீளமாக இருந்தாலும் கை நடுங்காது.

உலோகவியல், பி தொகுதித் தனிமங்கள் ஆகியவற்றில் நினைவில் வைத்தே ஆக வேண்டிய சமன்பாடுகள் உண்டு. அவற்றை மீண்டும் மீண்டும் வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்ப்பதே பயன் தரும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மறுவாசிப்பு செய்தவர்களைவிட நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள்.

தேர்வன்று காலையில் பள்ளி வாயிலில் நின்று "இது கட்டாயம் வருமாம்" என்று பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்திலிருந்து விலகி நில்லுங்கள். அங்கே எவரும் எதையும் புதிதாகக் கற்றதாக எனக்குத் தெரியவில்லை. வினாத்தாளை வாசிக்கத் தரப்படும் 10 நிமிடங்களில் எவற்றை எழுதுவது என்பதோடு எவற்றை விடுவது என்பதையும் முடிவு செய்யுங்கள். 70 மதிப்பெண்ணுக்கான தாளில் இரண்டு மதிப்பெண் பகுதியிலும் மூன்று மதிப்பெண் பகுதியிலும் ஒன்பதுக்கு ஆறு எழுதினால் போதும் என்பதால், ஒவ்வொன்றிலும் கட்டாய வினா தவிர மூன்று வினாக்களைத் தயக்கமின்றி ஒதுக்கிவிடலாம். எழுதும்போது நன்றாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள். நெஞ்சு படபடத்தால் பேனாவைக் கீழே வைத்து, மூச்சை நிதானமாக நாலைந்து முறை வெளியே விட்ட பிறகு தொடரலாம்.

கணக்கு முடியவில்லை என்று முழுவதையும் அடித்துவிடுவதைத்தான் திருத்தும்போது என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. வாய்பாடு, பிரதியிடல், விடை, அலகு என்று படிப்படியாக மதிப்பெண் உண்டு. பாதியில் நின்ற கணக்குக்கும் உரியது கிடைக்கும்.

கடைசிக் கால் மணி நேரத்தைச் சரிபார்ப்புக்கு ஒதுக்குங்கள். மிக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசலுக்கு பிஎச் மதிப்பு 8 என்று வந்திருந்தால், நீரிலிருந்து வரும் ஹைட்ரஜன் அயனிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று பொருள். 25 டிகிரி செல்சியசில் அமிலக் கரைசலின் பிஎச் 7ஐத் தாண்டாது. கிளர்வு ஆற்றலைக் கிலோஜூலில் கேட்டிருக்கிறார்களா, ஜூலிலா என்று பாருங்கள். ஒரு மதிப்பெண் வினாக்களில் குறியீட்டுடன் விடையையும் எழுதியிருக்கிறீர்களா என்றும், கட்டாய வினாக்களான 24, 33 இரண்டையும் விடாமல் எழுதியிருக்கிறீர்களா என்றும் பார்த்த பிறகு தாளைக் கட்டுங்கள்.